பதினான்காம் கேள்வி

ஜூலை 8, திங்கள்

வரலாறு படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். முதல் வருடத்தில் வரலாறு வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தானாம். மற்றதெல்லாம் அடித்தளப் படிப்பு. தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல், கணினி, அதற்கும் மேலே 'சமூக ஆய்வு அறிமுகம்' என்று ஒன்று. வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் மூன்று துறைப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் அடைத்து ஞானசௌந்தரி மேடம் நடத்துகிறார். தினமும் முதல் மணி. ஒன்பது ஐந்துக்கு வருகைப் பதிவை மூடிவிடுவார்.

விதிகளைப் பலகையில் எழுதிப் போட்டார். எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும். இருபது வீடுகளுக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தேர்வு எழுத முடியாது. அடித்தளத்தில் தேறாமல் இரண்டாம் வருடமும் கிடையாது. கடைசி பெஞ்சில் மீசையோடு ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக முதல் வருடம் படிக்கிறவராம்!

களத்தில் பார்த்ததைத் தினமும் எழுதி வைக்க வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்றார் மேடம். அவருக்குக் கொடுக்க நல்ல நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. அப்பாவுக்கு உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரி எனக்கு.

பக்கத்தில் உட்கார்கிறவள் பெயர் ஜெபமலர். பொருளாதாரம். முதல் நாளே பத்து நிமிடம் தாமதம். முடி ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். மேடம் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டார்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சீட்டுக் குலுக்கி ஆளுக்குத் தெரு பிரித்தார்கள். எனக்குச் சூளைத்தெருவில் பன்னிரண்டு வீடும், சூளைப் பின்தெருவில் எட்டு வீடும். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடை தூரம். மலருக்கு ஊர்க்கோடியில் அரசு ஊழியர் குடியிருப்பு.

"ஏட்டி கோமு, நம்ம சீட்டை மாத்திக்கிடுவமா?" என்று கேட்டாள்.

"அப்பம் நான் வேகாத வெயில்ல ஊர்க்கோடிக்குப் போகணுமாக்கும். ஆளைப் பாரு!" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். கெட்டிக்காரிதான். அடிக்கடி தாமதமாக வருகிற தூங்குமூஞ்சிக்குப் பக்கத்துத் தெரு கேட்கிறது.

இந்த வருடக் கணக்கெடுப்பு சும்மா மதிப்பெண்ணுக்கு இல்லையாம். வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் இல்லாத தெருக்களைப் பட்டியல் எடுத்து மேடம் மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறார். "உங்க படிவத்தை நம்பித்தான் கொடுக்கேன்" என்றார். வருடா வருடம் இதைத்தான் சொல்வார் என்று மீசை அண்ணன் சொன்னார்.

ஜூலை 27, சனி

சூளைத்தெருவில் பன்னிரண்டு வீட்டையும் முடித்தேன். நாக்கு வறண்டுவிட்டது. படிவத்தில் இருபத்து நான்கு கேள்விகள். தையற்கடை வைத்திருக்கிற ஒருவரிடம் "வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டால், "சாப்பிடும்போதா, வேலை செய்யும்போதா?" என்கிறார். ஓர் அக்கா தன் மாமியாரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்தாள். குடும்பத் தலைவர் என்கிற இடத்தில் மாமியார் பெயரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். பிறகு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. மாமியார் மட்டும் சொன்னார், நிறையச் சொன்னார்.

பின்தெருவுக்கு அடுத்த சனிக்கிழமை போகலாம்.

ஆகஸ்ட் 3, சனி

பின்தெரு முனை வரை போனேன். நாய்கள் அதிகம் என்று அம்மா சொல்லியிருந்தாள். திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

இன்றும் முனை வரைக்கும்தான். நல்ல வெயில். முனையில் பெரிய கறுப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஆட்கள் யாரையும் காணோம், குடங்கள் மட்டும்தான். நாய் ஒன்று தொட்டி நிழலில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. இருந்தாலும் நாய் நாய்தானே.

மலர் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். மார்க்கெட் பக்கம் என்றுதான் சொல்வாள், எந்தத் தெரு என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். என் வீட்டுப் புளியோதரையை மட்டும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள், தன் வீட்டுக்கு ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாள். கஞ்சப்பிசினாறி.

ஆகஸ்ட் 12, திங்கள்

நாளை படிவங்களைக் கொடுக்க வேண்டும். எட்டு பாக்கி. மீசை அண்ணனிடம் புலம்பினேன். "மரத்தடி சர்வே தெரியாதா உனக்கு?" என்றார். நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கற்பனையாக நிரப்புவதற்கு அந்தப் பெயர். எல்லா வருடமும் நடக்கிறதாம். அவர் மாட்டிக்கொண்டது, இருபது வீட்டுக்கும் ஒரே குடும்பத் தலைவர் பெயரை எழுதியதால்தான்.

நான் அவ்வளவு மடச்சி இல்லை. மேடம் கொடுத்த பட்டியலில் கதவு எண்கள் மட்டும்தான் இருந்தன. எட்டு வீட்டுக்கும் எட்டுப் பெயர், எட்டுத் தொழில் எழுதினேன். ஒன்பதாம் நம்பருக்குச் செல்வராஜ், வேன் டிரைவர், மனைவி, இரண்டு பையன்கள். கதை எழுதுகிற மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

படிவத்தில் ஒரு வசதி கண்டுபிடித்தேன். பதினான்காம் கேள்வி: வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் உண்டா? 'இல்லை' என்று போட்டால் எங்கிருந்து, எவ்வளவு தூரம், யார் எடுத்து வருகிறார், எத்தனை மணி நேரம் என்று நான்கு கேள்விகளுக்குக் கற்பனை செய்ய வேண்டும். 'ஆம்' என்று போட்டால் நேராகப் பத்தொன்பதுக்குப் போய்விடலாம். பத்தொன்பது: வீட்டில் கல்லூரியில் படிப்பவர் உண்டா? இதற்கு 'இல்லை' என்று போட்டால் இன்னும் மூன்று கேள்விகள் குறையும். எட்டு வீட்டுக்கும் பதினான்கு ஆம், பத்தொன்பது இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வேப்பம்பழம் ஒன்று ஒரு படிவத்தில் விழுந்து கறையாகிவிட்டது. நல்லதுதான், களத்துக்குப் போன மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

கணினி அறையில் படிவங்களை ஏற்றினோம். அவரவர் படிவத்தை அவரவர் ஏற்றக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மேடத்தின் விதி. என் படிவக் கட்டை மலர் எடுத்துக்கொண்டாள். அவளுடையதை நான். எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறாள். 'நாய்க்கு மணி என்று பெயர்' என்பதைக்கூட ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

பாதியில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"கோமு, இந்த ஒம்பதாம் நம்பர் வீட்ல யாரு பதில் சொன்னாவ?"

"ஒரு அக்கா."

"எப்படி இருந்தாவ?"

"நல்லாத்தான் பேசினாவ. காபிகூடக் குடுத்தாவ." காபி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"காபியா?" என்றாள். பிறகு மிச்சத்தையும் ஏற்றி முடித்து, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மலர் ஒரு வாரமாக என்னோடு சாப்பிட வருவதில்லை. இன்று புளியோதரை. பாதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் என்ன செய்தேன்?

செப்டம்பர் 12, வியாழன்

மேடம் முடிவுகளைத் திரையில் காட்டினார். சூளைப் பின்தெரு, வீட்டுக்குள் குழாய் நூறு சதவீதம். "எனக்கே ஆச்சரியமா இருக்கு. சந்தோஷம்" என்றார். அந்தத் தெரு மனுவிலிருந்து நீங்கிவிட்டது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டபோது எனக்கு அந்தக் கறுப்புத் தொட்டியும் குடங்களும் ஞாபகம் வந்தன. ஒருவேளை வீட்டில் குழாய் இருந்தும் குடம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில்கூடக் குடம் இருக்கிறது.

யாரும் கை தூக்கவில்லை. மலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். மேடம் மதி இல்லாதவர் இல்லை. எங்களை நம்பினார், அவ்வளவுதான்.

அக்டோபர் 4, வெள்ளி

வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மலர் 61. அறுபதுக்கு மேல் இருந்தால் தக்க காரணம் சொல்லி, ஆசிரியர் பரிந்துரைத்தால் தேர்வு எழுதலாம். திங்கட்கிழமை மாலை பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

களக்குறிப்பு நோட்டில் கையெழுத்து வாங்க மேடம் அறைக்குப் போனேன். மலர் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"காரணம் சொல்லும்மா. நியாயமா இருந்தா நான் எழுதித் தாரேன்."

"காலையில தண்ணி பிடிக்கணும் மேடம். லாரி வார அன்னைக்கு எட்டு மணிக்குத்தான் வரும். சில நாள் எட்டரை ஆயிரும். அம்மா ஆஸ்பத்திரியில கூட்டுற வேலைக்கு விடியுமுன்னே போயிருவா. வேற ஆளு கிடையாது."

"எந்தத் தெரு?"

"சூளைப் பின்தெரு மேடம். ஒம்பதாம் நம்பர்."

மேடம் கோப்பை எடுத்துப் புரட்டினார். கோபமாக இல்லை, குழப்பமாகத்தான் கேட்டார். "அங்க எல்லா வீட்லயும் குழாய் இருக்குன்னுல்லா வந்திருக்கு. ஒம்பதாம் நம்பர்லயும் இருக்கே. நீதானே இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது, உன் பேரு போட்டிருக்கு. அப்பம் வீடு வீடாப் போய் எழுதின பிள்ள பொய் எழுதியிருக்காளா?"

மலர் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் அங்கே நிற்பது அவளுக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறப்பேன் என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

"இல்ல மேடம்" என்றாள். "நாந்தான் தூங்கிட்டேன்."

என்னைக் கடந்து போனாள். மேடம் என் நோட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 5, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா சொன்னது நாய்களைப் பற்றி இல்லை.

"அந்த ஆளுவ இருக்க தெருவுக்குள்ள நீ ஏன் போற? வெளிய நின்னு பேரை மட்டும் கேட்டு எழுதிக் குடு, யாரு பாக்கப்போறா" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது, அதுதான் இப்போது அசிங்கமாக இருக்கிறது. முனையில் நின்றபோது வெயிலைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வீடுகளில் உட்காரச் சொன்னால் என்ன செய்வது, குடிக்க ஏதாவது கொடுத்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன். இந்த டைரியை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. இதிலேயே நாய் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மலர் எத்தனை நாள் என் டிபன் பாக்ஸில் கை நனைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தெரு தெரியாததால்தானா?

அக்டோபர் 7, திங்கள்

மேடம் அறை வரை போனேன். உள்ளே நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். போனார்கள். அப்புறமும் நின்றேன். நான்கரைக்கு அலுவலக உதவியாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு என் முன்னால்தான் போனார்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை ஏழரைக்கே பின்தெருவுக்குள் போனேன். கையில் எட்டு வெற்றுப் படிவம். நாய் பின்னாலேயே வந்தது, ஒன்றும் செய்யவில்லை.

லாரி எட்டே காலுக்கு வந்தது. மலர் வரிசையில் ஏழாவது ஆள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி குடத்தை நகர்த்தினாள். பத்து நடை போனாள், நான் எண்ணினேன். ஒன்பது மணிக்கு அவள் ஏழாவது குடத்தில் இருந்தாள். மேடம் அந்நேரம் வருகைப் பதிவைத் திறந்திருப்பார்.

அவள் கல்லூரிக்குப் போன பிறகுதான் வீடு வீடாகப் போக எனக்குத் தைரியம் வந்தது. எட்டு வீட்டிலும் குழாய் இல்லை. ஒன்பதாம் நம்பரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு வேலை முடிந்து மலரின் அம்மா வந்தார்கள். மரியபுஷ்பம் என்று பெயர். செல்வராஜ் என்று யாரும் இல்லை. மலரின் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

"காலேஜ் பிள்ளையா? உள்ள வா தாயி, வெயில்ல நிக்காத."

பதினைந்து: முனைத் தொட்டி, லாரி. பதினாறு: நூற்று இருபது அடி. பதினேழு, யார் எடுத்து வருகிறார்: மகள். பதினெட்டு: ஒன்றேகால் மணி நேரம். இந்த நான்கையும் எழுதுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பத்தொன்பதைக் கேட்டேன். "ஆமா. எம்மவ படிக்கா. பொருளாதாரம்" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்கள். "அவ அப்பா வழியிலயும் சரி, என் வழியிலயும் சரி, இவதான் மொத ஆளு. எழுதிக்கிட்டியா?"

எழுதிக்கொண்டேன். குடத்திலிருந்து முகந்து வரக்காபி போட்டுக் கொடுத்தார்கள். பத்து நடை நடந்து வந்த தண்ணீர் அது. குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

அக்டோபர் 9, புதன்

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். புதிய படிவம் எட்டையும் மேடம் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"எட்டு வீடுமா?"

"எட்டும் மேடம்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தப் பிள்ளகிட்ட நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நான் வாசல்லதான் நின்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். நான் இருக்கும்போதே பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். பட்டியல் பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். நேற்று முன்தினம் மாலை நான்கரை வரை மாற்ற முடிந்திருக்கும். மாநகராட்சிக்குத் திருத்த மனு எழுதினார். என் களப்பணி ரத்து. அடுத்த வருடம் நானும் முதல் வருடம்தான். அது எனக்குப் பெரிதாகவே படவில்லை.

"முந்தாநாள் ஏன் வரல?" என்று கடைசியாக ஒன்று கேட்டார். "வந்தேன் மேடம்" என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

சைக்கிள் நிறுத்துமிடத்தில் மலரைப் பிடித்துவிட்டேன். மன்னிச்சிரு என்றேன்.

"எங்கம்மா காபி தந்தாவளாமே. நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"மலரு..."

"நீ கேட்டிருந்தா எட்டு வீட்டுக் கதையும் நானே சொல்லிருப்பேன். எனக்குத்தான் வெக்கம், சொல்லல. அது என் தப்பு. அதனாலதான் கம்ப்யூட்டர்லயும் வாயைப் பொத்திட்டு ஏத்தினேன்." சைக்கிள் பூட்டைத் திறந்தாள். "குழாய் இருக்குன்னு எழுதினே, போயிட்டுப் போகுது. அந்தப் பத்தொம்பதாவது கேள்விக்கு, என்னைய ஒரு பேப்பர்லகூடப் படிக்க வைக்க உனக்கு மனசு வரலியா?"

ஆம் என்று போட்டிருந்தால் மூன்று கேள்விகள் அதிகமாக வந்திருக்கும். அதை எப்படிச் சொல்வது?

நவம்பர் 4, திங்கள்

தேர்வுகள் ஆரம்பம். மலர் வரவில்லை. அடுத்த வருடம் வருவாள். என் பக்கத்து இடத்தைப் பிடித்து வைப்பேன்.

ஜூலை 7, திங்கள்

புது டைரி வாங்கவில்லை, இதிலேயே பின்பக்கம் தாள் இருக்கிறது. அதே ஹால், அதே ஒன்பது மணி. ஒரு பெண் என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னாள். மீசை அண்ணன் எப்படியோ தேறிப் போய்விட்டார். மேடம் பழைய பெயர்களையும் சேர்த்து வாசித்தார். "ஜெபமலர்" என்று இரண்டு தடவை வாசித்தார். பக்கத்து இடத்தில் என் பையைத்தான் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

இந்த முறை சீட்டுக் குலுக்கல் இல்லை. மேடமே சூளைப் பின்தெருவை எனக்குக் கொடுத்தார். இருபது வீடும் அங்கேயே.

திருத்த மனு வேலை செய்திருக்கிறது. ஜூன் மாதம் குழாய் போட்டார்களாம். முனையில் கறுப்புத் தொட்டி காலியாகக் கிடந்தது. நாய்க்கு என்னைத் தெரிந்திருந்தது. முதலில் ஒன்பதாம் நம்பருக்குத்தான் போனேன்.

"வா தாயி, வா" என்று மலரின் அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து காட்டினார்கள். "நீ எழுதிக் குடுத்ததாலதான் வந்துதுன்னு உங்க மேடம் சொன்னாவ. நல்லா இருக்கணும் நீ."

மலரைக் கேட்டேன்.

"டவுன்ல ஜவுளிக்கடைக்குப் போறா. ஒரு வருசம் போச்சுல்லா, திரும்பவும் சின்னப் பிள்ளையளோட உக்கார மாட்டேன்னுட்டா. நானும் அழுது பாத்துட்டேன். இப்பம் தண்ணிப் பாடு இல்ல, ஒம்பது மணிக்கெல்லாம் டாண்ணு கடையில நிப்பா. ஒரு நாள் லேட்டு கிடையாது."

படிவத்தை எடுத்தேன். பதினான்காம் கேள்வி, வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் உண்டா? கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 'ஆம்' என்று எழுதினேன். அடுத்தது நேராகப் பத்தொன்பது. கேட்காமல் எழுதக் கூடாது என்பது விதி.

"வீட்ல காலேஜ்ல படிக்கிறவங்க யாராவது உண்டாம்மா?"

"இல்ல தாயி."

'இல்லை' என்று எழுதினேன். போன வருடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதே வீட்டுக்கு நான் எழுதிய இரண்டு பதில்களும் இப்போது சரியாகிவிட்டன.